எஞ்சின் மாற்றும் நேரம்

இதை எழுத வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தவக்காலமும் வரும்போது, இந்தத் தடவை உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் என்று சொல்லிக்கொள்வேன். ஈஸ்டர் வந்து போய்விடும். கை வராது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டத் தெரியும். அதனால் படிப்பு ஒரு காரணம் இல்லை. என் வீட்டுக்காரர்தான் காரணம். ஒரு மனுஷர் உயிரோடு கண்முன்னால் நடமாடிக்கொண்டிருக்கும்போது, அவர் மனசுக்குள் கிடந்ததை நான் எடுத்து வெளியே போடலாமா என்று தயக்கம்.

ஆனால் நாங்கள் கொடுக்காமலே ஊர் அதை எடுத்துக்கொண்டது. கோயிலுக்குப் போனால் ஒரு விதமாகச் சொல்கிறார்கள், ரேஷன் கடையில் வேறு விதமாகச் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கே எது நடந்தது, எது நடக்கவில்லை என்று குழம்பிவிடுமோ என்று பயம் வந்துவிட்டது. போன வாரம் அவரிடமே கேட்டேன்.

"நடந்ததை நடந்தபடி எழுதுறதா இருந்தா எழுது. ஒரு சொல்லு கூட்டுனேன்னா கிழிச்சுப் போட்டுருவேன். யாரு பேரும் போடாத" என்றார்.

அதனால் இதில் யார் பெயரும் இல்லை. ஊர்ப் பெயரும் இல்லை.

ஊருக்குப் பெயர் இருந்தாலும் அதை யாரும் சொல்வதில்லை, ஜங்ஷன் என்றுதான் சொல்வார்கள். மதுரையிலிருந்து பாசஞ்சர் வண்டியில் ஏறி, வயலும் வேலிக்கருவைக் காடும் கண்மாய்க் கரையும் பார்த்துக்கொண்டே வந்தால் எங்கள் ஸ்டேஷன். ரயில் வருவதற்கு முன்னால் இங்கே ஒன்றும் இல்லை, ஆடு மேய்த்த பொட்டல்தான் என்று சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கிழக்கே ஒரு லைன் பிரித்தான். பிரித்த இடத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கிணறு வெட்டினான். கிணறு இருந்ததால் ஆட்கள் குடியேறினார்கள். ஆட்கள் இருந்ததால் சந்தை, மாதா கோயில், பள்ளிவாசல், பிள்ளையார் கோயில், பருத்தி மூட்டை ஏற்றுகிற கூடம் எல்லாம் வந்தது. ரயிலுக்காகப் பிறந்த ஊர் இது. ரயிலை விட்டால் இதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

நான் கல்யாணமாகி வந்தபோது கரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் சாயங்காலம் சாம்பல் நிறத்தில் எடுப்போம். அப்புறம் டீசல் வந்தது. சின்னப் பாதையைப் பிடுங்கிப் பெரிய பாதை போட்டார்கள். அப்போது ரொம்ப நாள் வண்டியே இல்லாமல் ஸ்டேஷன் செத்துக் கிடந்தது. மறுபடி வண்டி வந்த அன்று ஊரே போய் நின்று பார்த்தோம். என்ன மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை, எஞ்சின் மாற்றுவது.

அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து வரும் வண்டி வடக்கேயிருந்து ஸ்டேஷனுக்குள் நுழையும். கிழக்கே போகிற லைனும் ஸ்டேஷனுக்கு வடக்குப் பக்கம்தான் பிரிகிறது. அதனால் கிழக்கே போக வேண்டிய வண்டி வந்த வழியே திரும்பிப் போனால்தான் அந்த லைனைப் பிடிக்க முடியும். முன்னால் இருக்கிற எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, வண்டியின் பின்பக்கம் மாட்ட வேண்டும். வரும்போது கடைசியாக இருந்த பெட்டி, போகும்போது முதல் பெட்டி ஆகிவிடும். இதற்கு அரை மணி நேரம் ஆகும். சில நாள் கூடவும் ஆகும்.

அந்த அரை மணி நேரத்தை வைத்துத்தான் ஊர் பிழைத்தது. இட்லி விற்கிறவர்கள், பூக்காரிகள், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் எல்லோரும் வண்டியோரம் வருவார்கள். ஜனங்கள் இறங்கி முகம் கழுவுவார்கள், பிள்ளைக்குப் பால் வாங்குவார்கள். பிளாட்பாரத்தில் டீக்கடை வைத்திருந்த பாய், கோரிப்பாளையத்திலிருந்து பிழைக்க வந்தவர், "யோவ், பதறாம குடிய்யா. எஞ்சினு இன்னும் தண்டவாளத்துல பிரதட்சணம் வந்துக்கிட்டு இருக்கு" என்பார்.

அந்த எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற வேலைதான் என் வீட்டுக்காரருக்கு. பாயிண்ட்ஸ்மேன். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் குனிந்து இறங்கி, கொக்கியை மாட்டி, காற்றுக் குழாயைச் சேர்த்துவிட்டு வெளியே வந்து கை காட்டுவார். அப்புறம்தான் வண்டி அசையும். வீட்டிலும் அப்படித்தான். ஒன்றைச் சேர்த்துவிட்டால் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார். கதவுத் தாழ்ப்பாளைக்கூட ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து, எங்கள் கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்திருந்தோம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பூசையில் மூன்று ஞாயிறு சாமியார் வாசிப்பார். இரண்டாம் ஓலை வாசித்தாயிற்று. அடுத்த நாள் காலையில், டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள், கிழக்கே போகிற வண்டியில் ஏறிப் போய்விட்டாள். கூடப் படித்த பையனோடு போனாள். அவர்கள் இந்துக்கள். கிழக்கு லைனில் உள்ள ஒரு கிராமத்தில் காடுகரை வைத்திருக்கிற குடும்பம்.

அந்த வண்டிக்கு எஞ்சின் மாட்டியது இவர்தான்.

அவளே பின்னால் என்னிடம் சொன்னாள். "அப்பா கொக்கி மாட்ட எங்க பெட்டிக்குக் கீழதாம்மா வந்தாங்க. சன்னல் வழியாப் பாத்தேன். தலையெல்லாம் தூசி. கூப்பிட்டுருவேனோன்னு வாயப் பொத்திக்கிட்டேன்."

மகளை ஊரைவிட்டு அனுப்பிய வண்டியைத் தன் கையாலேயே மாட்டி, இழுத்துப் பார்த்து, கையும் காட்டியிருக்கிறார். அதுதான் அவரைப் போட்டு அறுத்தது என்று நினைக்கிறேன். மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையிலிருந்து நாங்கள் வெளியே வந்தபோது எல்லோரும் நகர்ந்து வழிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். நான் செபம் செய்கிறார் என்று நினைத்தேன். சுரூபத்தின் பாதத்தில் கையை வைத்து, "நான் இருக்குற வரைக்கும் அவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது. நாங்களும் அவ வாசப்படி மிதிக்க மாட்டோம். இது சத்தியம்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. வண்டி நம்பர் சொல்வது மாதிரி சொன்னார்.

மாதாவின் பாதத்தில் கை வைத்துச் சொன்னதை எப்படி மீறுவது? எங்களைப் போன்ற குடும்பத்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

பிறகு ஒரு பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டோம். மகளும் மருமகனும் மதுரையில் ஆரப்பாளையத்தில் குடியிருந்தார்கள். மருமகனுக்கு லேத் பட்டறையில் வேலை, மகளுக்கு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. ஒரு சனிக்கிழமை காலையில் டீக்கடை பாய் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரை ஓடி வந்தார்.

"அக்கா, கோபப்படாதீங்க. உங்க மக கிழக்கு வண்டியில உக்காந்திருக்கு. மடியில பிள்ளை. பாத்தா உங்க ஜாடை. எஞ்சின இப்பத்தான் கழட்டுறாங்க, நேரமிருக்கு."

அடுப்பை அணைத்தேனா என்றுகூடத் தெரியவில்லை. ஓடினேன். கடைசிப் பெட்டியில் சன்னலோரம் இருந்தாள். பிள்ளையைக் கம்பி வழியாகக் கையில் கொடுக்க முடியவில்லை, வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் பிளாட்பாரத்தில், அவள் பெட்டிக்குள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, மாதத்தில் ஒன்றிரண்டு தடவை இந்த வண்டியில்தான் போவேன், திரும்பும்போது பஸ் என்றாள்.

அன்று எனக்கு மனசு உறுத்தியது. சாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "பிளாட்பாரம் யாரு வீட்டு வாசப்படியும் இல்லையேம்மா. போய்ப் பாருங்க. பெத்த பிள்ளையை ஒதுக்குறதுக்குச் செஞ்ச சத்தியம் ஆண்டவர் முன்னால செல்லாதுன்னு அவருகிட்டயும் சொல்லுங்க" என்றார்.

அப்படியே வந்து சொன்னேன்.

"சாமியார் சொல்லலாம்" என்றார் இவர். "நான் சத்தியம் பண்ணது சாமியார்கிட்ட இல்ல." கையைக் கழுவிவிட்டு வந்து, "பிளாட்பாரத்துக்குப் போறவங்களை நான் தடுக்க முடியாது. அது ரயில்வேது" என்றார்.

அப்படித்தான் அந்தப் பழக்கம் ஆரம்பித்தது. அவள் வருகிற சனிக்கிழமைகளில் தூக்குவாளியில் ஏதாவது கொண்டுபோவேன். இட்லியும் குழம்பும், சில நாள் கருப்பட்டிப் பணியாரம். பாய் வம்பிழுப்பார். "மகளுக்கு மட்டும்தானாக்கா? பாய்க்கு ஒண்ணும் கெடையாதா? நல்ல நசீப் எனக்கு, நல்ல தலையெழுத்து." ஒரு பணியாரம் எடுத்துக் கொடுத்தால், "இம்புட்டுத்தானா?" என்று கையை நீட்டிக்கொண்டே இருப்பார்.

என் மகள் எப்போதும் மதுரையில் கடைசிப் பெட்டியில்தான் ஏறுவாள். எனக்கு ரொம்ப நாள் அது விளங்கவில்லை. கூட்டம் குறைவாக இருக்குமோ என்று நினைத்தேன். எஞ்சின் சுற்றிவந்து அந்தப் பெட்டியில்தான் மாட்டும், மாட்டுவதற்கு அவள் அப்பா அங்கே வந்துதான் ஆக வேண்டும், அதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு நாள் சட்டென்று புரிந்தது.

அவர் வருவார். குனிந்து இறங்குவார். இரும்புச் சத்தம் கேட்கும். அவள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மற்ற வண்டிகளுக்கு வேலை முடிந்தால் பிளாட்பாரப் பக்கம் ஏறி வந்து, பாயிடம் டீ வாங்கிக் குடிப்பார். இந்த வண்டிக்கு மட்டும் எதிர்ப்பக்கம் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விடுவார். அவர் முதுகுகூட எங்களுக்குத் தெரியாது.

பேத்திக்குப் பேச்சு வந்த பிறகு அவள் விடவில்லை.

"அம்மாச்சி, எஞ்சினுக்குக் கீழ போறவரு யாரு?"

"உங்க தாத்தா."

"அவரு ஏன் மேல வர மாட்டேங்குறாரு?"

"வேலை இருக்கும்டி."

"எங்கப்பாவுக்கும்தான் வேலை இருக்கு. அவரு மேல நின்னுதான வேலை பாக்குறாரு."

என் மகள் அவள் வாயில் பணியாரத்தைத் திணித்தாள்.

வீட்டில் இதைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. ஆனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் குழம்பை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "காரம் ஜாஸ்தி. சின்னப் பிள்ளைக சாப்பிடும்னா கொறச்சுப் போடணும்" என்றார். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை ஏது? அடுத்த வாரத்திலிருந்து மிளகாயைக் குறைத்தேன்.

இப்படியே வருஷங்கள் போயின. இது போதும் என்று நான் இருந்துவிட்டேன். என்றாவது ஒரு நாள் அவர் இந்தப் பக்கம் ஏறி வருவார், அவசரமில்லை என்று நினைத்தேன். எஞ்சின் மாற்றுகிற வரைக்கும் நேரம் இருக்கிறது என்றுதான் இந்த ஊரில் எல்லோரும் நினைப்போம். வெளியூர்க்காரர்கள் பதறுவார்கள். நாங்கள் பதற மாட்டோம். அரை மணி நேரம் எப்போதும் இருக்கும் என்று நம்புவதற்கு எங்களுக்கு வருஷக்கணக்காகப் பழக்கம்.

பிறகுதான் கண்மாய்க்கு அந்தப் பக்கம் அளவு எடுத்தார்கள். கல் நட்டார்கள். மண் கொட்டினார்கள். மதுரை லைனிலிருந்து நேராகக் கிழக்கு லைனுக்குப் போய்ச் சேருகிற மாதிரி ஒரு வளைவுப் பாதை. இனிமேல் கிழக்கே போகிற வண்டி ஸ்டேஷனுக்குள்ளேயே வராது, எஞ்சினும் மாற்ற வேண்டாம் என்றார்கள். நேரம் மிச்சம். ஜனங்களுக்கு நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. மேலே மின்சாரக் கம்பியும் போட்டுவிட்டார்கள்.

பாய்தான் சொன்னார். "பைபாஸ் ரோடு போட்டா ஊருக்குள்ள பஸ் வராது, பாத்திருக்கோம். ரயிலுக்கும் பைபாஸ் போடுவான்னு யாரு கண்டா? இனி நாம ஜங்ஷன் இல்லக்கா. போர்டுலதான் ஜங்ஷன்." அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

எஞ்சின் மாற்றிய கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. இளைஞர்கள் எஞ்சினுக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். இட்லிக்காரம்மா யாரிடமும் காசு வாங்காமல் கொடுத்தார். என் மகள் வந்திருந்தாள். நான் முந்தின நாள் முழுக்கச் செபமாலை சொல்லியிருந்தேன். மாதாவே, இன்றைக்கு ஒரு நாள் அவரை இந்தப் பக்கம் ஏறி வரச் செய் என்று கேட்டேன். எஞ்சின் வந்தது. அவர் குனிந்து இறங்கினார். கொக்கி விழுந்த சத்தம் கேட்டது. கையிலிருந்த தூக்குவாளியைக் கொடுக்கவும் மறந்து நின்றேன்.

அவர் எதிர்ப்பக்கம் இறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான் மாதாவுக்கு விளக்கு ஏற்றவில்லை. என் வாழ்க்கையில் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான். அவருக்கும் தெரியும். அவரே எழுந்து ஏற்றினார்.

அதற்குப் பிறகு மகளைப் பார்க்க வழி இல்லை. போனில் பேசலாம், அதற்குச் சத்தியம் இல்லை. ஒரு தடவை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பஸ்களுக்கு நடுவில், லாட்ஜ் வாசலில், ஆட்கள் இடித்துக்கொண்டு போக, களவாணிகள் மாதிரி நின்று பேசினோம். பிளாட்பாரத்தில் எங்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. அங்கே அவர் கண் எட்டுகிற தூரத்தில், அவருக்குத் தெரிந்தே பார்த்துக்கொண்டோம். இது அப்படி இல்லை. மறுபடி நான் போகவில்லை.

அவருக்கு ஓய்வு வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க சத்தியம் பண்ணது இந்த வாசப்படியில இருந்துகிட்டு. இது ரயில்வே வீடு. சாவியக் குடுத்துட்டா இந்த வாசப்படி உங்களுது இல்ல. புது வீட்டு வாசப்படி வேற."

அவர் சுரூபத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "ஆண்டவர்கிட்டப் போயி வக்கீல் பேசச் சொல்றியா?" என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வாடகைக்கு அவர் பார்த்த வீடு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஊருக்கு வெளியே, கண்மாய்க்கு அந்தப் பக்கம். கோயிலுக்கு நடந்தால் கால் வலிக்கும். கடை கிடையாது. "இங்க என்ன இருக்குன்னு வந்தீங்க?" என்று கேட்டேன். "காத்து வரும்" என்றார். காற்று வரத்தான் செய்தது. அதோடு புழுதியும் வந்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் வேலிக்கருவை, ஒரு வாய்க்கால், அதற்கு மேல் ஜல்லிக் கரை.

குடிபோன முதல் சனிக்கிழமை காலையில், அந்தக் கரையில் கிழக்கு வண்டி போனது. அப்போதுதான் அவர் எதற்கு இந்த வீட்டைப் பார்த்தார் என்று தெரிந்தது.

அவர் கொல்லையில் நின்றார். ஓடுகிற வண்டியை ரயில்வேக்காரர்கள் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வண்டிக்கு முகம் கொடுத்து நிற்க வேண்டும். சக்கரத்தில் புகை வருகிறதா, ஏதாவது தொங்குகிறதா என்று ஒவ்வொரு பெட்டியாகப் பார்க்க வேண்டும். கடைசிப் பெட்டியின் பின்னால் பெருக்கல் குறி போட்டிருக்கும். அது கண்ணில் படுகிற வரைக்கும் திரும்பக் கூடாது. அது தெரிந்தால்தான் வண்டி முழுசாகப் போனது என்று அர்த்தம். அவர் அப்படித்தான் நின்றார். கையில் கொடி மட்டும் இல்லை.

எஞ்சின் மாற்றாததால் இப்போது கடைசிப் பெட்டி கடைசியாகவே போகிறது. என் மகள் பழக்கத்தில் இன்னும் அதில்தான் ஏறுகிறாள். புது வீடு கண்மாய்க்கு அந்தப் பக்கம், லைனோரம் என்று மட்டும் நான் போனில் சொல்லியிருந்தேன். கதவருகே பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கண் இமைக்கிற நேரம்தான். இவர் கையை ஆட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ஆனால் தலையைக் குனியவும் இல்லை. எத்தனையோ வருஷமாகக் கீழே பார்த்தே வேலை செய்தவர், வேலை முடிந்த பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

இனி, ஊர் பேசுகிற அந்த நாளுக்கு வருகிறேன்.

ஐப்பசி மாதம், முந்தின நாள் நல்ல மழை. காலையில் அவர் குளித்துவிட்டுத் துண்டோடு கொல்லையில் நின்றார். வண்டி வரும் சத்தம் கேட்டது. வழக்கமான வேகம் இல்லை, தேய்ந்து தேய்ந்து வந்தது. எங்கள் வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சிக்னல் கம்பம் உண்டு. அதில் சிவப்பு. எஞ்சின் அங்கே போய் நின்றது. கடைசிப் பெட்டி எங்கள் கொல்லைக்கு நேரே நின்றது.

அவர் அசையவில்லை. கதவருகே நின்ற என் மகளும் அசையவில்லை. நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து பார்த்தேன். "மாதாவே" என்றேன்.

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். தண்டவாளம் பக்கம் கையில் துணியோடு அவர் போக மாட்டார்; துணி அசைந்தால் சிக்னல் என்று டிரைவர் நினைத்துவிடுவார், அதனால் அது அவருக்குப் பழக்கம். துண்டு வெள்ளை. சிவப்புத் துண்டு எங்கள் வீட்டில் வாங்கியதே கிடையாது. வாய்க்காலைத் தாண்டி, ஜல்லிக் கரையில் ஏறினார். பெட்டிக்குப் பக்கத்தில் போனவர் முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"அப்பா" என்றாள்.

"வாசல்ல நிக்காத" என்றார். "பச்சை சிக்னல் விழுந்தா குலுக்கும். பிள்ளையப் பிடி."

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசியது அதுதான். அவள் ஒரு அடி உள்ளே போனாள். பேத்தி மட்டும் அவள் கைக்குக் கீழே தலையை நீட்டினாள்.

"நீங்கதான எஞ்சினுக்குக் கீழ போறவரு?"

"ஆமா."

"இப்ப ஏன் போறதில்ல?"

"இப்ப எஞ்சின் மாத்துறதில்லம்மா."

பெட்டிக்குள்ளிருந்து எவனோ ஒருத்தன் வேடிக்கைக்குச் சொன்னான். "என்ன பெருசு, துண்டக் காட்டி வண்டிய நிப்பாட்டிட்டீரா? இனி எங்களுக்கும் டீ சொல்லும்." நாலு பேர் சிரித்தார்கள். அந்த ஒரு பேச்சிலிருந்துதான் எல்லாக் கதையும் முளைத்தது.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. உள்ளே ஓடினேன். அடுப்பில் இருந்த இட்லியைத் தட்டோடு எடுத்துத் தூக்குவாளியில் கவிழ்த்துக்கொண்டு வந்தேன். அரை மணி நேரம் இருக்கும் என்று என் கால் நினைத்துக்கொண்டது போல. வாய்க்காலைத் தாண்டுவதற்குள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்துவிட்டது.

"ஓடாத" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பிறகு வண்டிக்கு முகம் கொடுத்து, அந்தப் பெருக்கல் குறி வளைவில் மறைகிற வரைக்கும் நின்றார். இறங்கி வந்து என் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கி மூடியைச் சரியாக அழுத்தி மூடினார்.

அவ்வளவுதான் நடந்தது.

பத்து நாளில் ஊருக்குள் வேறு மாதிரி ஆகிவிட்டது. சிவப்புத் துண்டைக் காட்டி வண்டியை நிறுத்தினாராம். மகள் இறங்கி வந்து காலில் விழுந்தாளாம். வீட்டுக்குள் கூட்டிப்போய் விருந்து வைத்தாராம். அதுவரைக்கும் வண்டி நின்றதாம். பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என்ன இருந்தாலும் பெத்த மனசுல்ல" என்றார். இல்லை என்று சொன்னதும் அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

விசாரிக்க ரயில்வேயிலிருந்து ரெண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். சிக்னல் சிவப்பில் இருந்தது அவர்களுக்கே தெரியும், பேச்சு வந்ததால் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போக வந்தோம் என்றார்கள். அவர்கள் உட்காரச் சொல்லியும் இவர் உட்காரவில்லை. டூட்டியில் நிற்பது மாதிரி நின்றுகொண்டே பதில் சொன்னார். அவர்கள் போன பிறகு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

"ஒரு வண்டியையாவது நான் நேரம் தப்ப வச்சிருக்கேனா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அவ அன்னைக்குப் போன வண்டியக்கூட நேரத்துக்கு அனுப்புனவன் நான்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆண்டவர்தான் அந்த வண்டியை நிறுத்தினார் என்று நான் நம்புகிறேன். அவரிடம் சொன்னேன். "முன்னால ஒரு கூட்ஸ் நின்னுச்சு. அதான் சிக்னல் விழல" என்கிறார். ரெண்டையும் எழுதிவிட்டேன். இதில் நான் கூட்டவில்லை.

இப்போது அவருக்குச் சர்க்கரை கூடிக் கண் மங்கிவிட்டது. எஞ்சின் வருவது தெரிகிறது, ஆட்கள் தெரிவதில்லை. சனிக்கிழமைகளில் நான் பக்கத்தில் நிற்கிறேன். "நிக்கிறாளா?" என்று கேட்பார். நின்றால் நிற்கிறாள் என்பேன். பிள்ளை இருந்தால் பிள்ளையும் இருக்கிறது என்பேன். வராத வாரம், இல்லை என்றுதான் சொல்வேன். அவர் சந்தோஷத்துக்காக இல்லாததை இருப்பதாகச் சொல்லிவிடலாம் என்று ஒன்றிரண்டு தடவை நாக்கு வரைக்கும் வந்தது. மாதாவின் கிருபையால் சொல்லவில்லை. அவர் என் வாய் வழியாகத்தான் மகளைப் பார்க்கிறார். அதில் போய் நான் பொய் கலக்கலாமா?

அவள் இன்னும் எங்கள் வாசப்படி மிதிக்கவில்லை. நாங்களும் போகவில்லை. கொல்லைக் கதவுக்கும் ஜல்லிக் கரைக்கும் நடுவில் இருக்கிறது அந்த வாய்க்கால். போன மழையில் அதில் தண்ணீர் வந்தபோது, யாரையும் கேட்காமல் அவர் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற ஒரு பழைய சிலீப்பர் கட்டையைத் தடவித் தடவி இழுத்துவந்து குறுக்கே போட்டார். ஏறி நின்று ஆடுகிறதா என்று பார்த்தார்.

இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது உங்களிடம் அந்தக் கதையைச் சொன்னால், கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள். துண்டு வெள்ளை, அது கொடியில் கிடந்தது. அவள் இறங்கவில்லை. இட்லி போய்ச் சேரவில்லை. வாசலில் நிற்காதே, பிள்ளையைப் பிடி என்றுதான் அவர் சொன்னார். அழகாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்க வேண்டாம், பாவமாக இருக்கிறதே என்று எதையும் விடவும் வேண்டாம். கேட்டபடியே அடுத்தவருக்குக் கொடுங்கள். வண்டியை அவர் நிறுத்தவில்லை.